துடிப்பைக் கேட்டால் போதுமா?

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தக் குடும்ப நாளில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கருவுற்றிருக்கும் தாய்மாரைப் பற்றிப் பேசுவோம் என்றோம். குழுவில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். சாமியார் பேசுகிற விஷயமா இது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். மருத்துவர் பேச வேண்டியதை நாம் பேசுகிறோம் என்பது உண்மையே. எனினும் இந்த விஷயத்தில் நாமே செய்த தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் பொன்விழாக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் பணியாற்றி வந்தோம். அங்கே ஓர் இளம் தம்பதியர். முதற் கரு நான்காம் மாதத்தில் கலைந்து போயிற்று. இரண்டாம் முறை கருவுற்றபோது அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் பயம்தான். வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கணவரின் அண்ணன், வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கச் செய்யும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினார். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பி வழியே தொங்கும் சிறு குமிழ். கூடவே தடவிக் கொள்ள ஒரு ஜெல். டாப்ளர் என்கிறார்கள். அதை மந்திரித்துத் தரும்படி இருவரும் பங்கு இல்லத்திற்குக் கொண்டு வந்தார்கள். கணவர் தம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்த ஒலியை நமக்குக் கேட்கக் கொடுத்தார். குதிரை ஒன்று தூரத்தில் ஓடி வருவது போல் இருந்தது. நாமும் மகிழ்ந்தோம். மந்திரித்துக் கொடுத்தோம்.

மாதங்கள் சென்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது அந்தப் பெண் ஓரமாக நின்றிருந்தாள். "சாமி, நேத்து மத்தியானத்திலேருந்து பிள்ளை முன்ன மாதிரி அசையலை. ஆனா மெஷின்ல வச்சுப் பார்த்தா துடிப்பு நல்லா கேக்குது, சாமி. நூத்தி நாப்பதுன்னு காட்டுது" என்றாள்.

நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று நாம் சொன்னது இது: "துடிப்பு கேக்குதில்லே அம்மா? அப்புறம் என்ன பயம்? நிம்மதியா வீட்டுக்குப் போ." சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பினோம்.

அவளுடைய மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். எழுத்து வாசனை அதிகமில்லாதவர். "சாமி கோவிச்சுக்கக் கூடாது. மெஷின் பிள்ளை பெத்ததில்லை. நான் அஞ்சு பெத்தவ" என்று சொல்லி மருமகளின் கையைப் பிடித்து நடத்திச் சென்றார். ஆலய வாசலிலேயே ஆட்டோ பிடித்து நேரே மருத்துவமனைக்குப் போனார்கள். அன்று மாலையே அறுவைச் சிகிச்சை. நஞ்சுக்கொடி சரிவர உணவூட்டாததால் குழந்தை இரண்டு கிலோவுக்கும் குறைவாயிருந்தது. ஆனால் உயிரோடிருந்தது. அந்தக் கருவி பொய் சொல்லவில்லை; துடிப்பு உண்மையாகவே இருந்தது. குழந்தையோ உள்ளே வாடிக் கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரைக் கேட்க நமக்குத் துணிவில்லை. அடுத்த வாரம் அந்த மாமியார் ஆலயத்திற்கு வந்து நம்மை வணங்கிச் சென்றார். ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அது நமக்கு மேலும் வருத்தத்தைத் தந்தது.

அதற்குப் பிறகுதான் நாம் தெரிந்த மருத்துவர்களையும், பிரசவ வார்டில் பல்லாண்டு உழைத்த அருட்சகோதரிகளையும் அணுகிக் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இன்று உங்கள் முன் அதை வைக்கிறோம்.

குழந்தையின் துடிப்பைக் கேட்க வேண்டும் என்ற ஆசை புதிதன்று. லெனக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1818-இல் ஜெனீவா நகரத்து மருத்துவர் மேயர் என்பவர் தாயின் வயிற்றில் காதை வைத்துச் சிசுவின் இதய ஒலியைக் கேட்டதாக அறிவித்தார். 1821-இல் பாரிஸில் கெர்கராடெக் என்ற மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டு அதையே கேட்டார். அவர் கேட்க முயன்றது கருப்பையிலுள்ள நீரின் சலசலப்பை. காதில் விழுந்ததோ குழந்தையின் இதயம். 1895-இல் பினார் என்பவர் ஊதல் போன்ற ஒரு குழலை அமைத்தார். மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன அந்தக் குழலின் ஒரு முனையைத் தாயின் வயிற்றிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்கும் செவிலியரை நம்மில் மூத்த தாய்மார் பார்த்திருப்பார்கள்.

இன்றைய கருவி அப்படிப்பட்டதன்று. ஆஸ்திரியாவில் பிறந்த டாப்ளர் என்ற அறிஞர் 1842-இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்று உயர்ந்தும், நம்மைக் கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? அலையை அனுப்பும் பொருளோ, அதைத் திருப்பியடிக்கும் பொருளோ அசைந்தால் அலையின் தன்மை மாறும் என்பதே அந்த உண்மை. டாப்ளர் கருவி நம் காதுக்கு எட்டாத நுண்ணிய ஒலி அலையை வயிற்றுக்குள் அனுப்புகிறது. உள்ளே அசையும் எதன் மீதாவது பட்டு அந்த அலை திரும்புகிறது. திரும்பி வந்த அலையில் உள்ள மாறுதலைக் கருவி ஓர் ஓசையாக மாற்றித் தருகிறது. ஆகவே நாம் கேட்கும் அந்தக் குதிரை ஓட்டம் இதயத்தின் சொந்தக் குரலன்று. கருவி உண்டாக்கும் ஓசை.

இதிலிருந்து மூன்று ஆபத்துகள் பிறக்கின்றன.

முதலாவதாக, வயிற்றுக்குள் அசைவது குழந்தையின் இதயம் மட்டுமன்று. தாயின் பெரிய இரத்தக்குழாய்கள் அங்கே ஓடுகின்றன. கருப்பைக்குச் செல்லும் குழாய்கள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியில் இரத்தம் பாய்கிறது. இவை ஒவ்வொன்றும் கருவியில் ஓசை எழுப்பும். பிறக்கும் காலத்தை நெருங்கிய குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை வரை துடிக்கும். தாயின் நாடி சாதாரணமாக 60 முதல் 100 வரை. ஆனால் பயந்து போன தாயின் நாடி 100-ஐத் தாண்டிவிடும். குழந்தை அசையவில்லையே என்று நெஞ்சு படபடக்கக் கருவியை வைக்கும் பெண், தன் நாடியையே கேட்டுக் குழந்தையின் துடிப்பு என்று எண்ணி ஆறுதலடையக் கூடும். பயிற்சி பெற்ற செவிலியரோ ஒரு கையால் தாயின் நாடியைப் பிடித்துக் கொண்டே மறு கையால் கருவியை வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்.

இரண்டாவதாக, கேட்பது குழந்தையின் துடிப்பேயானாலும் அது குழந்தையின் நலத்திற்குச் சான்றாகாது. இது மிக முக்கியமானது. குழந்தைக்குப் பிராணவாயுவோ உணவோ குறையும்போது அது முதலில் கை கால் அசைப்பதைக் குறைத்துக் கொள்கிறது. உள்ள பலத்தையெல்லாம் இதயத்துக்கும் மூளைக்கும் சேமித்து வைக்கிறது. வறுமை வந்த வீட்டில் மற்றச் செலவுகளை நிறுத்திவிட்டு அடுப்பை மட்டும் அணையாமல் காப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கூரையில் புகை தெரிகிறது என்பதால் அந்த வீட்டில் பஞ்சமில்லை என்று சொல்ல முடியுமா? இதயம் கடைசிவரை துடிக்கும். மருத்துவமனையில் தாயின் வயிற்றில் பட்டை கட்டி இருபது நிமிடமாவது காகிதத்தில் கோடு ஓடவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். குழந்தை அசையும்போது துடிப்பு சற்று உயர்கிறதா, துடிப்பு இயல்பாக ஏறி இறங்குகிறதா என்று அவர்கள் ஆராய்கிறார்கள். வீட்டுக் கருவி காட்டும் ஒற்றை எண் இதைச் சொல்லாது.

மூன்றாவதாக, கேட்க வேண்டியது கேட்காமலும் போகும். பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னும், நஞ்சுக்கொடி வயிற்றின் முன்புறமாக அமைந்திருக்கும்போதும், குழந்தை திரும்பியிருக்கும்போதும், நலமாயிருக்கும் குழந்தையின் துடிப்பே கைக்கு அகப்படாது. அந்த இரவு முழுவதும் அந்தத் தாய் படும் வேதனையை எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். முதற் குழந்தையைச் சுமந்து முப்பத்தெட்டாம் வாரத்தில் இருந்த ஒரு பெண், அசைவு குறைந்திருப்பதாகச் சொல்லி மருத்துவமனைக்கு வந்தாள். சில நாள் முன்னரே அசைவு குறைந்ததை அவள் கவனித்திருந்தாள். ஆனால் வீட்டிலிருந்த டாப்ளரை வைத்துப் பார்த்துத் துடிப்பு கேட்கிறது என்று தன்னைத் தேற்றிக் கொண்டாள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தை இறந்திருந்தது. அவள் கேட்டது தன் நாடியாகவோ நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டமாகவோ இருந்திருக்கலாம் என்று அவளைக் கவனித்த மருத்துவர்கள் 2009-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதி மற்றவர்களை எச்சரித்தார்கள். 2017-இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் இக்கருவிகளின் விற்பனையை ஒழுங்குபடுத்த ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை. எனினும் கருவுற்ற பெண்கள் வீட்டில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அந்நாட்டு அரசு மருத்துவத் துறை அறிவுறுத்துகிறது.

அப்படியானால் அந்த ஒலி அலை குழந்தையைத் தாக்குமா என்று சிலர் கேட்கலாம். மருத்துவர் தேவையறிந்து செய்யும் ஸ்கேனாலோ டாப்ளராலோ தீங்கு நேர்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை. அதைக் குறித்து அஞ்ச வேண்டாம். ஆனால் இந்த அலைகள் உடலின் திசுக்களைச் சிறிதளவு சூடாக்கக் கூடும். அதனால் தேவைக்கு மட்டும், இயன்றவரை குறைந்த நேரம் என்பது மருத்துவர்களின் விதி. 2014 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இவை மருத்துவர் சொல்லின் பேரில் பயன்படுத்த வேண்டிய கருவிகள் என்றும், வீட்டில் வேடிக்கைக்காகப் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரித்தது. ஏற்கெனவே சில முறை வைத்துப் பார்த்தவர்கள், குழந்தைக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்று கலங்க வேண்டியதில்லை. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள், அது போதும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. துடிப்பு வேகமாயிருந்தால் பெண், மெதுவாயிருந்தால் ஆண் என்று அக்கம்பக்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள். துடிப்பின் வேகத்தைக் கொண்டு அப்படிப் பிரித்தறிய முடியாது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம் என்பதையும் மறந்துவிடலாகாது. பெண் என்று யாரோ சொன்ன கணக்கால் ஒரு தாய் முகம் வாடக் கூடாது.

அப்படியானால் குழந்தை நலமாயிருப்பதை வீட்டில் எதைக் கொண்டு அறிவது? கடையில் விற்காத ஒன்று தாயிடமே இருக்கிறது. அதுதான் அசைவு. மரியன்னை தம் உறவினரான எலிசபெத்தைச் சந்திக்கச் சென்ற நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். எலிசபெத் தம் வயிற்றில் குழந்தை துள்ளியதை உணர்ந்தார். உள்ளிருக்கும் பிள்ளை தாயோடு பேசும் மொழி அதுவே.

பதினாறு முதல் இருபத்துநான்கு வாரங்களுக்குள் தாய் இந்த அசைவை உணரத் தொடங்குகிறாள். முப்பத்திரண்டாம் வாரம் வரை அது கூடிக்கொண்டே போகும். பின்னர் பிரசவம் வரை ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். கடைசி மாதத்தில் இடமில்லாததால் பிள்ளை அடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. அசைவின் விதம் மாறலாம்; அசைவு குறையக் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இத்தனை முறை என்று ஓர் எண் கிடையாது. உங்கள் பிள்ளை காலையில் எப்படி, சாப்பிட்ட பின் எப்படி, இரவில் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். அந்த வழக்கம் மாறினால் அதுவே எச்சரிக்கை.

வழக்கம் மாறினால் செய்ய வேண்டியது ஒன்றே. அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரோ குளிர்ந்த நீரோ குடித்துப் பார்ப்போம் என்று நேரத்தைப் போக்க வேண்டாம். கருவியை எடுத்து வைத்துப் பார்க்கவே வேண்டாம். மருத்துவமனையில் சுற்றி வளைக்காமல், "பிள்ளை அசைவு குறைஞ்சிருக்கு" என்று முதற் சொல்லாகச் சொல்லுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் அந்தச் சேவை கட்டணமின்றி நடந்து வருகிறது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் கைப்பேசியில் வைத்திருங்கள். போய்ப் பார்த்து எல்லாம் சரியாயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அது வெட்கப்பட வேண்டியதன்று, மகிழ வேண்டியது. மறுபடி குறைந்தால் மறுபடியும் செல்லுங்கள்.

கணவன்மாருக்கு ஒரு சொல். போன வாரம்தானே போனோம், எத்தனை தடவை ஆட்டோவுக்குக் கொடுப்பது என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு சுளிப்புக்குப் பயந்தே பல பெண்கள் வாயைத் திறப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அன்போடு கருவி வாங்கி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் அன்பை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தை மருத்துவமனைக்குப் போகும் வண்டிச் செலவுக்கென்று அனுப்புங்கள்.

இந்தக் கூட்டத்தில், பிள்ளையை வயிற்றிலேயே இழந்த தாய்மாரும் இருக்கிறீர்கள் என்பது நமக்குத் தெரியும். நாம் சொன்னவற்றைக் கேட்டு, "அன்றைக்கு நான் கவனிக்கவில்லையோ" என்று உங்களை நீங்களே வருத்திக் கொள்ள வேண்டாம். எல்லா இழப்பும் தடுக்கக் கூடியதன்று. எவ்வளவு கவனமாயிருந்தும், உடனே மருத்துவமனைக்கு ஓடியும், பிள்ளையை இழந்தவர்கள் உண்டு. அது உங்கள் குற்றமன்று. நாம் இதைப் பேசுவது, தடுக்கக் கூடிய ஓர் இழப்பாவது இந்தப் பங்கில் நேராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே.

இறுதியாக, பொன்விழாவுக்கென்று கொடி மரமும் வளைவும் வைத்திருக்கிறோம். அவற்றோடு இன்னொன்றும் செய்வதாகப் பங்குப் பேரவையில் தீர்மானித்திருக்கிறோம். பங்கு இல்லத்து வண்டி இனி இரவிலும் கருவுற்ற தாய்மாருக்காக ஆயத்தமாயிருக்கும். எந்த மதத்தவராயினும், எத்தனை மணியாயினும் வந்து கதவைத் தட்டுங்கள். ஓட்டுநர் இல்லாவிட்டால் நாமே ஓட்டுவோம். அன்று ஒரு தாயிடம், நிம்மதியாக வீட்டுக்குப் போ என்று சொன்னோம். இனி அப்படிச் சொல்ல மாட்டோம்; வண்டியில் ஏறு அம்மா என்று சொல்வோம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. சென்ற திருவிழாவுக்கு அந்தப் பங்கிற்குச் சென்றிருந்தோம். பாட்டியின் கையில் ஒரு நிமிடமும் நில்லாமல் ஆலயம் முழுவதும் ஓடிக் கொண்டிருந்தான். "சும்மா இருக்க மாட்டேங்கிறான், சாமி" என்று அவர் அலுத்துக் கொண்டார். "ஓடட்டும் அம்மா" என்றோம்.